என் வீட்டுக்காரருக்கு வாய்த்த ஆமை வேஷம்

காலை பத்து மணி இருக்கும். அடுப்பில் கேப்பைக் களி வெந்துகொண்டிருந்தது. களி கிண்டுகிற துடுப்போடு கூடத்தை எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் செத்துக் கிடந்தார்.

இடது கை தலைக்கு மேல். வலது கை நெஞ்சின் மேல். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கால் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் போயிருந்தது.

“இன்னைக்கு இது எத்தினியாவது தடவங்க?”

“நாலு,” என்றார் செத்தவர், உதடு அசையாமல். “செத்துக்கினு இருக்கும்போது பேச்சு குடுக்காத மல்லிகா. அப்புறம் மொதல்லேர்ந்து சாவணும்.”

“நாலு இல்ல, நாப்பது தடவ செத்துக்கங்க. அந்தக் கால எடுங்க, பெருக்கணும்.”

காலை எடுத்துக்கொண்டார். திரும்பவும் செத்தார்.

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் ஏழுமலை. திண்டிவனத்தில் ஒரு மினி லாரி வைத்துக்கொண்டு மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, ஏற்றிப் போகிறவர். பாட்டு வராது, நடிப்பும் வராது. எங்கள் கல்யாண வீடியோவில் கேமராக்காரரை முறைத்துக்கொண்டே தாலி கட்டியிருப்பார். அப்படிப்பட்ட மனுஷன் கூடத்தில் விழுந்து விழுந்து செத்ததற்குக் காரணம் எங்கள் மகள் பவித்ரா, அவளுடைய ஜெசிந்தா டீச்சர், அப்புறம் நாலு சின்னப் புத்தகங்கள்.

ஆமைக் குடும்பம்

அந்தப் புத்தகங்களை நான் சின்ன வயசில் பார்த்ததில்லை. என் படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. எங்கள் பள்ளியில் புத்தகம் இருந்த ஒரே அலமாரிக்கும் எப்போதும் பூட்டுதான். ரெண்டு மூணு தலைமுறைப் பிள்ளைகள் படித்து வளர்ந்த புத்தகங்கள் அவை என்று டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கதை இதுதான். ஒரு ஏரி வற்றிப்போகிறது. அதில் இருந்த ஆமைக் குடும்பம், அப்பா, அம்மா, ஒரு பெண், அடுத்த ஏரியைத் தேடி நடக்கிறது. முதல் புத்தகத்தில் வயலைத் தாண்டுகிறார்கள். அடுத்ததில் ரயில் பாதை. அதற்கடுத்ததில் சந்தை. நாலாவதில் ஏரி கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீருக்குப் பத்தடி இருக்கும்போது அப்பா ஆமை செத்துப்போகிறது.

“பிள்ளைங்க பொஸ்தகத்துல எதுக்குடி சாவு?” என்று பவித்ராவைக் கேட்டேன்.

“அதுக்குத்தாம்மா எல்லாரும் அத மறக்காம வெச்சிருக்காங்க,” என்றாள். எட்டாவது படிக்கிறவள் எனக்குப் பாடம் எடுத்தாள்.

இந்த நாலு புத்தகத்தையும் சேர்த்துப் பாட்டு நாடகமாக ஆக்கி, ‘அடுத்த ஏரி’ என்று பெயரும் வைத்தார் ஜெசிந்தா டீச்சர். முதல் ஆட்டம் அவருடைய ஊரான விழுப்புரத்தில். பதினைந்து நாள் கழித்துத் திண்டிவனத்தில். அதோடு விட்டிருக்கலாம். பிள்ளைகள் மட்டும் நடித்தால் போதாது, குடும்பம் குடும்பமாக நடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்பா வேஷத்துக்கு நிஜ அப்பா, அம்மா வேஷத்துக்கு நிஜ அம்மா. கொக்குக் குடும்பம், எலிக் குடும்பம், தவளைக் குடும்பம் என்று ஏழு குடும்பம் சேர்ந்தது.

“வீட்ல ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கினு உக்காந்துருக்கீங்க. மேடையிலயாவது ஒண்ணா நில்லுங்க,” என்றார்.

நல்ல எண்ணம்தான், குறை சொல்ல மாட்டேன். கொக்குக் குடும்பத்தின் புருஷனும் பெண்டாட்டியும் பல மாசமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள். மூக்கு மாட்டிக்கொண்ட பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். எங்களுக்குத்தான் ஆமை வந்து வாய்த்தது.

வந்தது பவித்ராவின் குரலால். பெற்றவள் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். அதுவரை பள்ளியில் அவளை எதற்கும் முன்னால் நிறுத்தியதில்லை. மூணாவது வரிசையில் உயரமான பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று வாயசைப்பாள். அவளைப் போய், அப்பா ஆமை விழுந்ததும் பெண் ஆமை தனியாகப் பாடுகிற பாட்டுக்குத் தேர்ந்தெடுத்தார் டீச்சர். நாலு நிமிஷப் பாட்டு. நாடகத்துக்கே அதுதான் உயிர் என்றார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் நின்றபடி பாடினாள்.

*அப்பா, தண்ணி வாசம் வருது,*
*இன்னும் பத்தே அடிதான் இருக்கு,*
*எழுந்து வாப்பா, எழுந்து வாப்பா…*

 கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் விஷயம் மண்டையில் ஏறியது. அங்கே செத்துக் கிடக்கப்போவது யார்? பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ளப்போவது யார்?

டோல்கேட்

இதை நான் பயந்தாங்கொள்ளித்தனமாகச் சொல்லவில்லை. எனக்குக் காரணம் இருக்கிறது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், மூட்டை ஏற்றிக்கொண்டு போன இவர் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங் மேல் சாய்ந்துவிட்டார். முன்னால் இருந்த வண்டி போய்விட்டது. பின்னால் நின்ற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். அதில் ஒருவர் இறங்கி வந்து அடிக்கக் கையை ஓங்கிவிட்டுத்தான் இவர் முகத்தைப் பார்த்தாராம். அந்த மனுஷன்தான் தூக்கிப் படுக்க வைத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னவர். அவர் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. தினமும் விளக்கேற்றும்போது அவருக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, இடது கை தலைக்கு மேல் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த ஒரு கிழவி என்னைப் பார்த்து, “போயிட்டாரா?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அங்காளம்மா, இவரை எழுப்பிக் கொடு, உன் வாசலுக்கு அமாவாசை தவறாமல் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எழுப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து மேல்மலையனூருக்கு நான் போகாத அமாவாசை கிடையாது. காய்ச்சலிலும் போயிருக்கிறேன், அடை மழையிலும் போயிருக்கிறேன். அவள் எழுப்பிக் கொடுத்தவரை நானே கூட்டிப்போய், வெளிச்சம் போட்டு, மைக் வைத்து, திரும்பவும் சாகடிப்பதா?

இதை அவரிடம் சொன்னேன். “டாக்டர் டென்ஷன் ஆவாதன்னு சொல்லிருக்காரு. சாவறதுல இன்னா டென்ஷன்? ஃபுல் ரெஸ்ட்டு,” என்றார்.

விஜயா போட்ட சத்தம்

இவர் வீட்டில் எடுத்த ஒத்திகையால் நான் பட்ட பாட்டை எழுதினால் நாலு வாரம் போகும். ஒன்று மட்டும் சொல்கிறேன்.

ஆமை ஓட்டை நான்தான் தைத்தேன். மினி லாரியில் போட்டிருந்த பழைய தார்ப்பாயை வெட்டி, உள்ளே ஸ்பாஞ்சு வைத்து, பச்சை பெயின்ட் அடித்தேன். அதில் ஊறியிருந்த மல்லாட்டைத் தூசி எத்தனை தடவை கழுவியும் போகவில்லை. செத்து விழுந்த பிறகு தும்முவார். தும்மிவிட்டு, “இது கணக்குல வராது,” என்று மறுபடி விழுவார்.

ஒரு நாள் அந்த ஓட்டையும் மாட்டிக்கொண்டு வாசற்படியில் குப்புற விழுந்து கிடந்திருக்கிறார். நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு விஜயா கறிவேப்பிலை கேட்க வந்தவள் பார்த்துவிட்டாள். அவள் போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது. இவரோ டீச்சர் சொல்லியிருக்கிறார் என்று கண்ணைத் திறக்கவில்லை.

“அண்ணன் மூச்சு உடலடி! மல்லிகா! ஐயோ, பச்சப் பச்சயா ஆயிட்டாரே!”

“அது பெயின்ட்டு விஜயா,” என்று நான் ஈரக் கையோடு ஓடி வருவதற்குள், யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! “தெருவே நம்பிடுச்சி பார்த்தியா? டீச்சர்கிட்ட சொல்லணும்.”

 விஜயா கத்தியபோது எனக்குத் தெரியும், அது நடிப்பு என்று நன்றாகத் தெரியும். இருந்தும் கொல்லையிலிருந்து வாசல் வருவதற்குள் அங்காளம்மாவைப் பத்து தடவை கூப்பிட்டுவிட்டேன்.

படுத்தவரை எழுப்ப வேண்டும்

நான் பிறந்தது விழுப்புரத்தை அடுத்த கெடார் பக்கம். அங்கே திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளம் என்று ஒரு நாள் உண்டு. பாரதச் சண்டையில் செத்தவர்களாக ஆண்கள் சிலர் விரதம் இருந்து கோயிலுக்கு முன்னால் படுப்பார்கள். மேலே துணி போர்த்திவிடுவார்கள். அப்புறம் பூசாரி வந்து, வேப்பிலையில் மஞ்சள் தண்ணீரைத் தொட்டு முகத்தில் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவார். ஜனங்கள் “கோவிந்தா!” என்பார்கள், பொம்பளைகள் குலவை போடுவார்கள். படுத்தவர் தானாக எழுந்துபோவது கிடையாது. எழுப்பாமல் விடுவதும் கிடையாது.

ஒரு வருஷம் என் சித்தப்பா படுத்திருந்தார். எழுப்புகிற நேரம் பார்த்து ரெண்டு பங்காளிகளுக்குள் மரியாதைச் சண்டை வந்து, பூசாரியை இந்தப் பக்கம் நாலு பேர் இழுக்க, அந்தப் பக்கம் நாலு பேர் இழுக்க, முக்கால் மணி நேரம் ஆனது. சித்திரை வெயில். சித்தப்பா அசையவில்லை. எறும்பு ஏறிக் கடித்தும் அசையவில்லை. என் சித்தி மட்டும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கத்தினாள்: “டேய், உங்க மரியாதைய அப்புறம் பார்த்துக்கோங்கடா! எம் புருஷன மொதல்ல எழுப்புங்கடா!”

அப்போது சிரித்தேன். இப்போது சிரிக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைகள் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தன. முந்தின நாள் விருந்தின் சாம்பார் வாசனையும் பினாயில் வாசனையும் கலந்து அடிக்கும். காலையில் பஸ் பிடித்துப் போவோம். டீச்சர் மாதா கோயில் பூசை முடித்து நேராக அங்கே வந்துவிடுவார். ஒரு ஞாயிறு அவரைத் தனியாகப் பிடித்தேன்.

“டீச்சர், செத்த ஆமைய மேடையிலயே எழுப்பிடணும். மஞ்சத் தண்ணி தெளிச்சா போதும், ரெண்டு நிமிஷம்.”

அவர் என்னைப் பார்த்தார். “பவித்ரா அம்மா, எழுந்துட்டா கதையே இல்ல. அப்பா இல்லாமலே அந்தப் பொண்ணு தண்ணியில எறங்கறா பாருங்க, அதுக்காகத்தான் நாலு பொஸ்தகமும்.”

“உங்க சாமியவே மூணாம் நாள் எழுப்பிட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு செம்பு தண்ணி தெளிக்கக் கூடாதா?”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்புறம் என் கையைப் பிடித்து, டோல்கேட் கதையை முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “சரி. பாட்டு முடிஞ்சி திரை விழுந்ததும் நீங்க தெளிச்சி எழுப்பிக்கங்க. நானே பக்கத்துல நிக்கறேன். ஆனா திரை விழற வரைக்கும் பொறுத்துக்கணும். அந்த நாலு நிமிஷம் உங்க பொண்ணோடது.”

தலையாட்டினேன். மனசாரத்தான் ஆட்டினேன். அதன்பிறகு வந்த மூணு ஒத்திகையிலும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் அவர் காலையே பார்த்துக்கொண்டு நாலு நிமிஷத்தையும் ஓட்டிவிட்டேன்.

விழுப்புரத்தில் நடந்தது

ஆட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. சாயங்காலம் நாலு மணி, நல்ல புழுக்கம். என் ஆமை ஓட்டுக்குள் ஒரு பை தைத்து, அதில் மூடி போட்ட சின்னச் செம்பை வைத்திருந்தேன். உள்ளே மஞ்சள் தண்ணீர், கூடவே ஒரு கொத்து வேப்பிலை.

வயல் காட்சி நன்றாகப் போனது. ரயில் பாதைக் காட்சியில் எலிக் குடும்பத்து அப்பா தண்டவாளத்தில் தடுக்கி விழுந்தார், ஜனங்கள் அதையும் நாடகம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். சந்தைக் காட்சி முடிந்தது. மேடையின் பின்பக்கம் நீலத் துணியை ஆட்டி ஏரி ஆக்கினார்கள்.

என் வீட்டுக்காரர் நடந்தார், தள்ளாடினார், விழுந்தார்.

வீட்டில் செத்த மாதிரியே இல்லை. ஒத்திகையில் செத்த மாதிரியும் இல்லை. முனகல் இல்லாமல், கை உதறாமல், மூட்டை சரிந்த மாதிரி சரிந்தார். இடது கை தலைக்கு மேல் போய் விழுந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தேன். பவித்ரா மைக்கைப் பிடித்தாள்.

*அப்பா, தண்ணி வாசம் வருது…*

காலைப் பார்க்க வேண்டும் என்றுதான் குனிந்தேன். வெளிச்சம் கண்ணை அடித்ததில் கால் எங்கே என்று தெரியவில்லை, முகம்தான் தெரிந்தது. ஓடு நெஞ்சையும் மூடியிருந்ததால் மூச்சு ஏறி இறங்குவதும் தெரியவில்லை. கையைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

ஐஸ் தண்ணீர் பாட்டிலை அந்தக் காட்சிக்கு மேடை ஏறுகிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாராம். அது அப்புறம் சொன்னது. அப்போது எனக்கு யார் சொல்வார்கள்?

*இன்னும் பத்தே அடிதான் இருக்கு…*

செம்பு எப்படி என் கைக்கு வந்தது என்று எனக்கு நினைவில்லை. வேப்பிலையைத் தொட்டுத் தெளிக்கவெல்லாம் பொறுமை இல்லை. முழுச் செம்பையும் அவர் முகத்தில் கவிழ்த்தேன்.

“எழுந்திருங்க! யோவ், எழுந்திருய்யா!”

இருபது வருஷத்தில் அவரை “யோவ்” என்று கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டு, மஞ்சள் முகத்தோடு நேராக எழுந்து உட்கார்ந்தார்.

“இன்னாடி? இன்னா ஆச்சி?”

மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

 பின் வரிசையில் இருந்து யாரோ ஒரு பெரியவர், “கோவிந்தா!” என்றார். அவ்வளவுதான். எல்லாரும் எங்கள் பக்கத்து ஜனங்கள், படுகளம் பார்த்து வளர்ந்தவர்கள். நூறு குரல் “கோவிந்தா!” என்றது. பொம்பளைகள் எழுந்து நின்று குலவை போட்டார்கள். கீபோர்டு வாசித்த பையன் என்ன செய்வது என்று தெரியாமல் கல்யாண மேளத்தை வாசித்துவிட்டான். தவளைகளும் எலிகளும் உள்ளே ஓடி வந்து குதித்தன. ஒரு அம்மாள் மேடை ஏறி என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். டீச்சர் ஓரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவு பெரிய சத்தத்துக்கு நடுவில் பவித்ரா மைக்கைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றாள். வாய் அடுத்த வரிக்காகத் திறந்தபடியே இருந்தது. அவளை யாரும் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நானும் பார்க்கவில்லை. திரை விழுந்த பிறகுதான் பார்த்தேன்.

பஸ்ஸில்

திரும்பும்போது மூணு பேர் இருக்கையில் அவள் ஜன்னலோரம், இவர் நடுவில், நான் ஓரத்தில். இவர் காதில் இருந்த மஞ்சளைத் துடைத்துக்கொண்டே ஏதேதோ பேசிப் பார்த்தார். விக்கிரவாண்டி தாண்டுகிற வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

“பவி, அம்மா வேணும்னு பண்ணலடி. பாட்டே எழுந்து வா, எழுந்து வான்னுதானே கூப்புடுது…”

“கூப்புட்டும் வர மாட்டாருமா! அதான் பாட்டு!” என்று வெடித்தாள். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ரெண்டு வரி பாடினேன். மூணு மாசம் பாடிக்கினு இருந்தேன், ரெண்டு வரி. எல்லாரும் உன்னதான் பார்த்தாங்க. உனக்குக் குங்குமம் வெச்சாங்க. என்ன ஒருத்தர் பார்க்கல.”

“அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?”

“எனக்கு மட்டும் அப்பா இல்லையா? டோல்கேட்டாண்ட விழுந்தப்ப நானும்தானே ஸ்கூல்லேர்ந்து ஓடியாந்தேன்? எனக்கும்தானே பயமா இருந்துச்சி? அந்தப் பயம் பாடும்போதுதான் போவுதுமா. உனக்குச் செம்பு. எனக்குப் பாட்டு.”

 ரெண்டு வருஷமாக அந்தப் பயத்தை நான் ஒருத்தி மட்டும் தூக்கிச் சுமப்பதாக நினைத்திருந்தேன். அமாவாசைதோறும் கோயிலுக்குப் போனது நான்தான். இவள் எங்கே போனாள் என்று நான் கேட்டதே இல்லை.

இவர் ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, “நான் நல்லாத்தான் இருக்கேன்,” என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னார்.

டீச்சர் மறுநாள் போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. திண்டிவனத்து ஆட்டத்தில் அம்மா ஆமையாகத் தானே நடிப்பதாகச் சொன்னார். “நீங்க தப்பா எடுத்துக்காதீங்க பவித்ரா அம்மா,” என்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் ஆமை ஓட்டைப் பிரித்து அவர் அளவுக்குத் தைத்துக் கொடுத்தேன். செம்பு வைத்த பையையும் பிரித்துவிட்டேன்.

திண்டிவனத்து ஆட்டத்தன்று வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பவித்ராதான் விடவில்லை. புறப்படும் முன் வந்து நின்றாள்.

“நீ வரணும். நாலாவது வரிசையில உக்காரு, எனக்குத் தெரியற மாதிரி. முழுசா கேக்கணும். கண்ண மூடக் கூடாது.”

“கேக்கறேன்.”

“கைய காட்டு.”

காட்டினேன். ரெண்டு கையும் காலி.

திண்டிவனத்தில்

நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரென்று தெரியாத ஒரு அம்மாள், மடியில் ஒரு குழந்தை. வயலுக்கும் ரயிலுக்கும் சந்தைக்கும் அந்தக் குழந்தை கை தட்டியது. எனக்கு எதுவும் மனசில் நிற்கவில்லை. அங்காளம்மா, அங்காளம்மா என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

நீலத் துணி ஆடியது. அவர் நடந்தார், தள்ளாடினார், சரிந்தார். இடது கை தலைக்கு மேல்.

நாற்காலியின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். மூச்சு தெரிகிறதா என்று பார்த்தேன், தெரியவில்லை. கால் தன்னால் தரையில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தது. அழுத்தி உட்கார்ந்தேன்.

பவித்ரா முன்னால் வந்தாள். என்னைத் தேடினாள், கண்டுபிடித்தாள், பாடினாள்.

முதல் மூணு வரி எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இருந்ததை அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டேன். வீட்டிலும் ஒத்திகையிலும் அவள் மூணு மாசமாகப் பாடியிருக்கிறாள். நான் அங்கேயும் இங்கேயும் இவர் சாவதைப் பற்றியே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எழுந்து வாப்பா, எழுந்து வாப்பா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் குரல் இறங்கி, சரிப்பா, நீ இரு, நான் போய்த் தண்ணி எப்படி இருக்குன்னு பார்க்கறேன் என்கிறது அந்தப் பாட்டு.  மின்விசிறி சுற்றுவது கேட்டது. மூணாவது வரிசையில் நின்று வாயசைத்தவளை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

“யாருங்க அந்தப் பொண்ணு? என்னமா பாடுது!”

“எம் பொண்ணுங்க.”

“அப்டியா! நல்லா இருக்கணும். செத்துக் கெடக்கற ஆமை யாரு? நெஜமாவே போயிட்டா மாதிரியே கெடக்கறாரே!”

“எங்க வீட்டுக்காரருங்க.”

அந்த அம்மாள் பதறிப்போய் என் முகத்தைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள்.

“பாட்டு முடியட்டுங்க,” என்றேன். “முடிஞ்சதும் எழுந்துருவாரு.”